தள்ளுபடி உன் போனில் இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

உன் அப்பாவின் நெஞ்சு மாத்திரை நின்றுபோனதற்கு நீதான் காரணம். நீ அங்கே சுகமாக இருப்பாய், இருக்க வேண்டும், இங்கே நானும் சுகம், அவரும் தேறிவிட்டார், பயப்படாமல் மேலே படி. போனில் சொன்னால் அவர் பிடுங்கி, ஒண்ணுமில்லடா என்று வைத்துவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன். நீ ஊருக்கு வந்திருந்தபோது மருந்துக்கடையில் முதியோர் தள்ளுபடிக்கு அவர் பெயரைப் பதிந்தாயே, உங்களுக்கு இதெல்லாம் வராதுப்பா என்று சொல்லி உன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். இங்கே பகலில் அவர் கடையில் நிற்கும்போது தள்ளுபடிக்கான ஓடிபி உனக்கு வருகிறது, அங்கே நடுராத்திரி, நீ தூங்கிக்கொண்டிருக்கிறாய். பையனுக்கு ஒரு போன் போடுங்க ஐயா என்று கடைப்பெண் சொன்னாளாம். வேலைக்குப் போற பிள்ளைம்மா, தூங்கட்டும் என்றாராம் இவர். முழு விலைக்குக் கையில் இருந்தது பத்தவில்லை. என் மூட்டு மாத்திரையையும் தன் சர்க்கரை மாத்திரையையும் வாங்கிக்கொண்டு நெஞ்சு மாத்திரையை விட்டுவிட்டார், அங்கேதான் வலியே இல்லையாம். என்னிடம் மூச்சு விடவில்லை. காலி அட்டையை டப்பாவில் வைத்துவிட்டு, தினமும் என் எதிரிலேயே வெறுங்கையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறார்.

செருப்புதான் காட்டிக்கொடுத்தது. கால் வீங்கி உள்ளே நுழையவில்லை, செருப்பு சுருங்கிடுச்சு என்கிறார் மனிதர். மாத்திரை சாப்பிடுறீங்களா, படம் காட்டுறீங்களா என்று டாக்டர் கேட்ட பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். இப்போது நானே முழு விலைக்கு ஒரு அட்டை வாங்கிப் போட்டிருக்கிறேன், அது தீர்ந்தால் மறுபடி அதே கதைதான். வயதானவர்களுக்குக் குறைத்துத் தருகிறோம் என்று வாசலில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நரைத்த தலையோடு ஆளே வந்து நின்றாலும் நம்ப மாட்டார்கள், எங்கோ தூங்குகிறவன் போனை நம்புவார்கள். இவர்கள் யாருக்குக் குறைக்கிறார்கள்? கடைப்பெண்ணிடம் கத்தினேன், பாவம், அவளும் சம்பளத்துக்கு நிற்கிறவள். நம்பரை மாத்தணும்னாலும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகும்மா என்றாள். காலையில் எழுந்ததும் போனில் அந்த ஓடிபி நம்பர்களைப் பார்த்திருப்பாயே, அப்பா கடையில் நின்றிருக்கிறார் என்று ஒரு நாளாவது தோன்றவில்லையா?

பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, நான் கேட்பது அதுவல்ல. கழுத்து வலி என்றாயே, அந்தத் தலையணையை மாற்று, நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா

நம்பரை மாற்ற அப்பாவைக் கூட்டிக்கொண்டு நான் கடைக்குப் போகிறேன். நீ எந்த நாள் விழித்திருப்பாய்? அதை மட்டும் சொல்.