வேன் வரும் நாளில் வரும் வயிற்றுவலி

திருமுருகன்பூண்டி
12.8.2007

அன்புள்ள மகன் குமாரவேலுக்கு அம்மா எழுதுவது. அவிநாசியப்பன் புண்ணியத்தில் நானும் உங்கப்பாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், டாக்காவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். ஆசைப்படுகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கேட்காமலேயே இரண்டு தரம் நல்லா இருக்கேன் என்றாய், நல்லா இருக்கிறவன் ஒரு தரம்தான் சொல்லுவான். வேலையில் ஏதாவது சிக்கலா, வயிற்றுக்குச் சேரவில்லையா, இல்லை என்னிடம் சொல்ல முடியாத சமாச்சாரமா, எதுவானாலும் எழுது. உங்கப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் எழுதிய மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்கிறார், அட்டையைப் பார்த்தால் குறைந்த மாதிரி தெரியவில்லை. கரண்டு நினைத்தபோது போகிறது, ஆடிக்காற்றில் நம் தையல் ஷெட்டின் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது, ஆள் விட்டு மாட்டியாயிற்று. பெண் பிள்ளைகள் இல்லத்துக்கு எதற்கு அலைகிறாய் என்று போனில் கேட்டாயே, அது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மாசி மாதம் ரோஸ்மேரி என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். தூத்துக்குடிப் பக்கம், உன்னைவிட ஒன்றிரண்டு வயது மூப்பு இருப்பாள், நன்னடத்தை அலுவலர் உத்தியோகம். கேஸில் மாட்டிய பதினெட்டு வயதுக்குக் கீழான பெண் பிள்ளைகளைக் கோர்ட்டு அனுப்பி வைத்திருக்கிற இல்லத்தில் தையல் சொல்லிக்கொடுக்க வர வேண்டும், அவர்களுக்காகப் புதிதாக ஒரு திட்டம் எழுதப்போகிறோம், அந்தக் கமிட்டியிலும் உட்கார வேண்டும் என்று கேட்டாள். இத்தனை காலம் எல்லாத் திட்டமும் பையன்களை மனதில் வைத்தே எழுதப்பட்டதாம், பெண் பிள்ளைகள் திருடியதோ அடித்ததோ ஓடியதோ எதற்காக என்று பார்த்தால் முக்கால்வாசிப் பேருக்குப் பின்னால் வேறு யாரோ செய்த அக்கிரமம் இருக்கிறதாம், அதை விசாரிக்காமல் கோலமும் தையலும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் மறுபடி அங்கேயே போய் விழுகிறார்களாம். எனக்கு இந்தப் பேச்சு பிடிபடவில்லை. கல்யாணம் காட்சி இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றுகிறாள், காசு வாங்காமல் வரச் சொல்கிறாள், இதில் இவளுக்கு என்ன ஆதாயம் என்றுதான் யோசித்தேன். உங்கப்பா அவள் போன பிறகு, நம்ம ஊட்டு வேலையே தலைக்கு மேலே கிடக்குது, கேஸ்காரப் புள்ளைக சகவாசம் உனக்கெதுக்கு என்றார். அவர் வேண்டாம் என்றதாலேயே போய்த்தான் பார்ப்போமே என்று போனேன், என் குணம் உனக்குத் தெரியாதா.

நான் போக ஆரம்பித்த கொஞ்ச நாளில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் நாலு பவர் மிஷின் தானமாகக் கொடுத்தார். மிஷினுக்கு மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள், இல்லத்தை நடத்துகிற சூப்பிரண்டு அம்மாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். இந்த ஊரில் மிஷினைச் சும்மா தூக்கிக் கொடுக்கிற மனுஷன் யார் என்று எனக்கு அன்றைக்கே உறுத்தியது. பிள்ளைகள் நூல் கோக்காமல் காகிதத்தில் கோடு தைத்துப் பழகிக்கொண்டிருக்கும்போதே செவ்வாயும் வெள்ளியும் ஒரு வேன் வந்து பண்டல் பண்டலாகக் குழந்தைகள் பேண்டை இறக்க ஆரம்பித்தது. பயிற்சித் துணி என்றார்கள். பிரித்தால் லேபிள் வைத்த சரக்கு, பிசிறு வெட்டி மடித்து அடுக்க வேண்டியதுதான் பாக்கி. பிசிறு வெட்ட எதற்கம்மா பயிற்சி என்று கேட்டதற்கு, கை பழகட்டுமேங்க, சும்மா இருந்தா கண்டதை நினைப்பாளுக என்று சூப்பிரண்டு அம்மா சிரித்தார். ரோஸ்மேரிக்கும் இதில் பங்கு இருக்குமோ என்று நினைத்தேன். அவளிடமே கேட்டும் விட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, எனக்கும் அதே சந்தேகம்தான், மேலதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை என்றாள். பதில் தயாராக வைத்திருக்கிறாளே என்று அதற்கும் ஒரு சந்தேகப்பட்டேன்.

அங்கே ஒரு பிள்ளை. பேரை வெளியில் சொல்லக் கூடாது என்று சட்டமாம், உனக்காகச் செல்லத்தாய் என்று வைத்துக்கொள்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை, பதினாறு வயது, நூல் மில் ஒன்றில் தங்கி வேலை பார்த்தவள், விடுதி வார்டனின் செல்போனை எடுத்துக்கொண்டு சுவர் ஏறிக் குதித்தாள் என்று கேஸ். மிஷினில் உட்கார்ந்தால் அத்தனை பேரிலும் அவள் கைதான் நேராக ஓடும். ஆனால் திடீர் திடீரென்று வயிற்றுவலி என்று குளியலறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள், மதியம் வரை வெளியில் வரமாட்டாள். கள்ளி, வேலைக்கு மட்டம் போடுகிறாள் என்றார் சூப்பிரண்டு அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன், நேரில் இரண்டு வார்த்தை கடிந்தும் பேசினேன். ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நூல் வெட்டுகிற கட்டர் ஒன்று காணாமல் போயிற்று. எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள், கதவுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தான், அது எனக்கே சரியாகப் படாமல் அவனை வெளியே போகச் சொன்னேன். கட்டர் செல்லத்தாயின் பாவாடை இடுப்பில் இருந்தது. ஜன்னல் வலையை வெட்டிக்கொண்டு ஓடத் திட்டம் என்று அவளைத் தனி அறையில் போட்டுப் பூட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை கண்ணு. ஓடுகிறவள் ஏன் சாதாரண நாளில் அத்தனை அமைதியாக மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள் என்று யோசித்தேன். சந்தேகம் நாய் மாதிரிதான், ஒரு வாசலில் குரைத்து ஓய்ந்தால் அடுத்த வாசலுக்குப் போகும். அவளுக்கு வயிற்றுவலி வந்ததெல்லாம் செவ்வாயும் வெள்ளியும்தானே என்று அப்போதுதான் தோன்றியது. செவ்வாய்க்கிழமை காலையில் ரோஸ்மேரியையும் வரச்சொல்லி இரண்டு பேரும் அந்த அறைக்குள் போனோம். ரோஸ்மேரி எதையும் கேட்கவில்லை, தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் ஊர்ப் பேச்சில் மழை, உப்பளம் என்று எதையோ பேசிக்கொண்டிருந்தாள். செல்லத்தாய் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வேன் ஹாரன் கேட்டதும் பிள்ளை என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அவிய உள்ள வருவாவளாம்மா?” என்றாள்.

யார் என்று கேட்டதற்கு, வேனில் வருகிற சோணைமுத்து அண்ணாச்சி என்றாள். அவள் ஊருக்கு வந்து பிள்ளைகளை மில்லுக்கு அழைத்துப் போன ஏஜென்டு அந்த ஆள்தானாம், மில் விடுதிக்கும் அவரே சூப்பர்வைசராக இருந்தாராம், இப்போது இந்தக் கம்பெனிச் சரக்கோடு வருகிறார். விளக்கு அணைத்த பிறகு தலை எண்ணுகிற சாக்கில் பிள்ளைகள் படுத்திருக்கிற கூடத்துக்குள் வருவாராம். அதற்கு மேல் அவள் சொன்னதை நான் உனக்கு எழுதமாட்டேன். அம்மாவுக்குப் பேசத்தான் அந்த செல்போனை எடுத்திருக்கிறாள். கட்டரை எடுத்ததும் ஓடுவதற்கு இல்லை, அந்த ஆள் உள்ளே வந்தால் கையில் ஒன்று இருக்கட்டும் என்றுதான்.

நான் வெளியே போனேன். சோணைமுத்து வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக வேன் பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் அறையில் கேட்டது எதையும் காட்டிக்கொள்ளவில்லை, இந்த வாரம் பண்டல் இறக்க வேண்டாமுங்க, பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். அந்த ஆள் குரலைத் தணித்துக்கொண்டு, “சங்கரன்கோயில் புள்ள ஏதாச்சும் சொல்லிச்சாக்கா? அது கைநீளம், நம்பிராதிய” என்றார். நான் எந்தப் பிள்ளையையும் சொல்லவே இல்லையே சாமி. எந்த ஊர்ப் பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்று சரக்கு இறக்க வருகிற ஆளுக்கு யார் சொன்னது? கேட்டைச் சாத்தி உள்பக்கம் தாழ் போட்டேன்.

அதற்கப்புறம் நடந்தது சுலபமில்லை. தானம் கொடுத்தவர் மனம் கோணிவிடும், எதற்கு வம்பு என்று சூப்பிரண்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பயத்தில் சொன்னாரா, வேறு எதற்காகவாவது சொன்னாரா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெளியவில்லை. ரோஸ்மேரி அன்றைக்கே சிறுவர் கேஸ் விசாரிக்கிற போர்டுக்குப் போய்விட்டாள். மாஜிஸ்திரேட்டும் போர்டில் இருக்கிற ஒரு பெண்மணியும் செல்லத்தாயை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து விசாரித்தார்கள், காக்கிச் சட்டை போட்ட யாரும் பக்கத்தில் இல்லை, நான் வெளி பெஞ்சில் இருந்தேன். பிள்ளை வெளியே வந்ததும் தண்ணீர் கேட்டு ஒரே மூச்சில் குடித்தாள். செல்போன் கேஸை முடித்து, பெற்றவள் வந்தால் அனுப்பலாம் என்று உத்தரவு போட்டார்கள். சோணைமுத்து மேல் கேஸ் போட்டு உள்ளே வைத்தார்கள், இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறார், போன வாரம் காதர்பேட்டைக் கடைவீதியில் எதிர்ப்பட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து உங்கப்பா வாசல் கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.

மிஷின்களைக் கம்பெனிக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். மறுநாள் நான் இல்லத்துக்குப் போனால் நம் ஷெட்டில் இருந்த பழைய மிஷின் இரண்டு அங்கே நிற்கிறது, உங்கப்பா டெம்போ பிடித்து அனுப்பியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, ஷெட்டுல எடத்தை அடைச்சுட்டுக் கிடந்துச்சு என்றார். திட்டமும் ஒரு வழியாக எழுதியாயிற்று. ரோஸ்மேரி பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். தொழில், படிப்பு என்று சொல்வார்கள் என நினைத்தேன். முதலில் குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கேட்டார்கள். மாதவிலக்குக்குத் துணியை ஆபீஸில் கெஞ்சி வாங்காமல் அலமாரியில் வைக்கச் சொன்னார்கள், சோதனை போட்டால் பொம்பளைதான் போட வேண்டும் என்றார்கள், வெளியாள் யார் வருவதானாலும் முன்கூட்டியே பேரைச் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். அதைத்தான் எழுதினோம். வாரம் ஒரு நாள் லேடி டாக்டர் வருகிறார். மேலிடத்தில் கையெழுத்தாகியிருக்கிறது, நடக்குமா என்று நான் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறேன், கையெழுத்தை நம்பி நான் வீட்டில் உட்காரமாட்டேன்.

போன புதன்கிழமை செல்லத்தாயை அழைத்துப் போக அவள் அம்மா வந்தாள். சோணைமுத்து அந்தப் பக்கத்து ஆள் ஆயிற்றே, பெற்றவளே மறுபடி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பெரிய சந்தேகம். எந்த வீட்டில் வைத்துக்கொள்வாய், அந்த ஆளின் சொந்தக்காரர்கள் தெருவில் இருக்கிறார்களா, ஊரில் கேட்டால் என்ன சொல்வாய் என்று அந்தம்மாவை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் தலையைக் குனிந்து பைக்காதைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்போது செல்லத்தாய் நடுவில் வந்து நின்று, “எங்கம்மாட்ட நா எல்லாங் கேட்டுட்டேம்மா. நீங்க கேட்டதவிட ரெண்டு கூடவே கேட்டேன்” என்றாள். சித்தி ஊரான ராஜபாளையத்தில் இருந்துகொண்டு பத்தாவது எழுதப்போகிறாளாம், அதையும் அவளே முடிவு செய்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரோஸ்மேரியும் நானும் போய் ஏற்றிவிட்டு வந்தோம். வரும் வழியில் ரோஸ்மேரி ஆட்டோவில் அழுதாள், நான் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மணி ஆயிற்று, உங்கப்பாவுக்கு ராகிக்களி கிண்ட வேண்டும். நீ தூங்கும்போது ஜன்னலை அடைத்துவிட்டுப் படு, தெருவில் வாங்கித் தின்னாதே. உன் கம்பெனி சரக்குத் தைக்கிற பாக்டரிகளிலும் விடுதி வைத்து எங்கெங்கோ இருந்து வந்த பிள்ளைகள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனால் தையலை மட்டும் பார்த்துவிட்டு வராதே. அந்தப் பிள்ளைகள் பாஷை தெரிந்த ஒரு பொம்பளை ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசச் சொல், நீ தள்ளி நில். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றால் அவரை டீ வாங்க அனுப்பு. டீயோடு சீக்கிரம் திரும்பி வந்தார் என்றால் மறுபடியும் அனுப்பு. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

தலைமுறைக்கும் நல்ல பேரோடு, நோய்நொடி இல்லாமல், நீ நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளும்

உன் அம்மா,
பொ. வேலாத்தாள்