ஜெசி அக்காவின் கேமராவுக்கு சைக்கிள் டியூப்

எங்கே இருந்தாலும் ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் திரும்பு, ஜெசி அக்கா,

உன் கேமராவை வெளியே எடுத்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா கேமராவைப் பையோடு பீரோவின் மேல்தட்டில் வைத்து, உன் நீலத் துப்பட்டாவைப் போட்டு மூடிவிட்டாள். யாரும் தொடவில்லை.

இப்போது சம்பா அறுப்பெல்லாம் முடிந்துவிட்டது. உளுந்தும் பிடுங்கியாகிவிட்டது. நம் வாசல் முழுக்க உளுந்துதான் காய்கிறது. புது ஆற்றில் இன்னும் தண்ணீர் விடவில்லை. பாலத்தடியில் பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள்.

போன வாரம் மறைக்கல்வி சிஸ்டர் வீட்டுக்கு வந்தார்கள். முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. வழக்கமாக நீதானே போட்டோ எடுப்பாய்? இந்த வருஷம் அமலி எடுக்கட்டும் என்று சிஸ்டர் சொன்னார்கள். அடுக்களைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான், என் பெயர் வந்ததும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் கேமராவைக் கேட்டிருப்பதாகவும், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவார் என்றும் அம்மா சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம முடிஞ்சுதானம்மா திங்கக்கெழம வருது?" என்றார்கள் சிஸ்டர்.

"பிடி ரப்பரு கழண்டு தொங்குது சிஸ்டர். கையில நிக்காது. புள்ள கீழ போட்டுட்டா?"

சிஸ்டர் போன பிறகு அம்மா என்னிடம் வந்தாள். "சரிபண்ண முடிஞ்சா எடு. முடியலன்னா திங்கக்கெழம குடுத்துருவேன். அப்பறம் அழக் கூடாது."

தஞ்சாவூரில் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் நீ அதை வாங்கி வந்தபோதே, கை பிடிக்கும் இடத்தில் ஒட்டியிருந்த அந்த ரப்பரின் ஓரம் தூக்கியிருந்தது. ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் வரும்போதெல்லாம் கட்டைவிரலால் அதை அழுத்திக்கொண்டே வந்தாய். விசேஷ வீடுகளில் சந்தனம் பட்ட கை, எண்ணெய் பட்ட கை, வியர்வை எல்லாம் அதிலேயே படும். கொஞ்சம் கொஞ்சமாக உப்பி, வெளுத்து, பிசுபிசுத்துப் போய்விட்டது. வேறு போடலாமே என்று நான் கேட்டதற்கு, "எல்லாரும் அவங்கவங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க. என் கேமராவ யாருடி பாக்கப் போறா?" என்று சிரித்தாய்.

உன்னோடு போன நாட்கள்தான் எனக்கு நல்ல நாட்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளை வீட்டில் சும்மா விடாமல் லைட் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனாய். அந்தக் குடை லைட்டுக்குப் பின்னால் நின்றால் யாருக்கும் என் முகம் தெரியாது. எனக்கு அதுவே போதும். நீ மட்டும் எப்படி அக்கா எல்லோரிடமும் அப்படிப் பேசினாய்? காதுகுத்து வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற அந்த அத்தையிடம், "அந்தக் கோவத்த வீட்லயே வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கலாமே அத்த" என்றாயே. அவரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் நீ எடுத்தாய்.

சரி, கதைக்கு வருகிறேன். வெந்த மரவள்ளிக் கிழங்கின் தோல் மாதிரி ரப்பர் ஒரே துண்டாக உரிந்து வந்துவிட்டது. அடியில் கறுப்புப் பசையும் சந்தனத் தூளும் அப்பியிருந்தன. பச்சை ஜிகினா ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் வீட்டு விசேஷத்தில் யார் புடவையிலிருந்து உதிர்ந்ததோ? ரப்பரின் மேல்பக்கம் முழுக்கச் சொரசொரப்பு. உன் கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழவழப்பாக இருந்தது. அந்த ரப்பரையே சுத்தம் செய்து திரும்ப ஒட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். வேறு ரப்பர் போட மனது வரவில்லை.

நம் வீட்டில் எதில் பிசுக்கு என்றாலும் பெட்ரோல்தானே? அறுப்பு மெஷின் கிரீஸ் கையில் பட்டால் பெட்ரோல், டிரங்குப் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் வரவில்லை என்றால் பெட்ரோல். அப்பா பைக்கிலிருந்து ஒரு கொட்டாங்கச்சியில் பிடித்துக் கொடுத்தார். ரப்பரை அதில் போட்டுவிட்டு உளுந்தைக் கிளறிவிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பிசுக்கெல்லாம் போயிருந்தது. ஆனால் ரப்பர் பெரிதாகியிருந்தது. கேமராவில் வைத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இத்தனை வருஷம் இழுபட்டு நீண்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அம்மாவின் தையல் கத்தரிக்கோலால் ஓரம் முழுக்க அழகாக நறுக்கி, அளவு சரிபார்த்துவிட்டு வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

காலையில் எடுத்துப் பார்த்தால் ரப்பர் சுருங்கிக் கிடந்தது. எந்தப் பக்கம் வைத்தாலும் இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் தெரிகிறது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பெட்ரோல் குடிச்சு உப்பியிருந்திருக்கு. வளந்துருச்சுன்னு நெனச்சு நறுக்கிட்டியாக்கும்? போத எறங்குனா பழைய அளவுக்குத்தானே பாப்பா வரும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். உன் விரல் பட்ட இடத்தைக் காப்பாற்ற நினைத்து, கடைசியில் நானே அதை உதவாமல் ஆக்கிவிட்டேனே. நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாயா? சிரித்திருப்பாய் என்றுதான் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கடைக்குச் சொல்லிப் புது ரப்பர் வரவழைக்க நேரமில்லை. அப்பாவின் பழைய சைக்கிள் டியூப் ஒன்று பரணில் கிடந்தது. அதை வெட்டி விரித்து, சோப்புப் போட்டுக் கழுவினேன். நறுக்கிய ரப்பரை அதன்மேல் வைத்து, சாக்பீஸால் கோட்டைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டேன். இந்த முறை வெட்டுவதற்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். வெட்டிய பிறகும் வைத்துப் பார்த்தேன். டியூபின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, பஞ்சர் சொல்யூஷனை டியூபிலும் கேமராவிலும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்து அழுத்தினேன். அப்புறம் பழைய புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டி வைத்தேன். உன் பழைய ரப்பரை மெமரி கார்டு டப்பாவுக்குள் பத்திரமாகப் போட்டுவிட்டேன்.

பார்க்க அப்படியொன்றும் அழகில்லை, அக்கா. ஒரு மூலை கோணல். ஆனால் கையில் கெட்டியாக நிற்கிறது.

அம்மா என் பேச்சை நம்பவில்லை. கேமராவை ஒரே கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "விழுந்தா உளுந்துலதானே விழும்" என்று சொல்லி, குவியலுக்கு மேலே நீட்டி நன்றாக உதறிப் பார்த்தாள். விழவில்லை. என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் மெழுகுவத்தியோடு படியில் நின்றார்கள். ஒன்று மேலே பார்க்கிறது, ஒன்று பக்கத்துப் பிள்ளையின் கிரீடத்தைப் பிடித்து இழுக்கிறது. "இங்க பாருங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் கேமராவைக் கண்ணில் வைத்தபடியே நின்றேன். பெற்றோர் எல்லோரும் பின்னால் நின்று என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. கேமராவை இறக்கிவிட்டு ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

அப்போது முன்வரிசையில் நின்ற ஒரு குட்டிப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, ஒங்க கேமராவுல பஞ்சர் கட வாசன அடிக்குது."

மற்ற பிள்ளைகளும் கழுத்தை நீட்டி மோந்து பார்த்துச் சிரித்தார்கள். என்னை அறியாமல் என் வாய் திறந்துகொண்டது. "ஆமா, காத்தடிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். எல்லாரும் இங்க பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பார்த்தார்கள், அக்கா. எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள். எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஸ்டூடியோக்காரர் வந்தார். காபி குடித்துவிட்டு கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னங்க இது, டியூபா?" என்று கேட்டார்.

அம்மா அவர் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டாள். "ஆமாங்க, எங்க புள்ள ஒட்டுனது. அதுக்கு இன்னும் வேல இருக்குங்க, குடுக்கறதா இல்ல. ஒங்கள வீணா அலைய விட்டுட்டோம், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

அவர் போன பிறகு, எடுத்ததைக் காட்டச் சொன்னாள். நான் பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தாள்.

"ஜெசி எடுத்தா தலைக்கு மேல எடம் விடுவா. நீ விடல" என்றாள்.

நீ போன நாளிலிருந்து அம்மா உன் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை, அக்கா. நாங்களும் அவளுக்கு முன்னால் சொல்லப் பயந்தோம். குறை சொல்வதற்காகவாவது சொல்லிவிட்டாள். பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். நீ எப்படி முட்டி போட்டு எடுப்பாய், எப்படிப் பிள்ளைகளுக்குச் சமமாகக் குனிவாய் என்றெல்லாம். உளுந்தை அள்ளும் வரை பேசிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த தடவை தலைக்கு மேல் இடம் விடுவேன், அக்கா. சத்தியமாக.

உன் தங்கச்சி,
அமலி