ரயில் வராத மூன்றாவது ஸ்டேசன்

மார்ச் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. தோய்த்தது எதுவும் காயவில்லை. அறைக்குள்ளேயே கொடி கட்டினேன்.

தம்பி யூட்டுக்குக் கடிதம். அவன் பதிவு இன்னும் சீசாப் பகுதியிலுள்ள எங்கள் வீட்டு முகவரியில்தான், அதனால் இங்கே வந்தது. பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்க விரல் அடையாளம் வைக்க வேண்டும். வரும் திங்கள், காலை பத்தரை. போன தடவை கூப்பிட்டபோது போகவில்லை. இந்த முறையும் போகாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்களாம். பதினெட்டு வருஷம் இந்த நாட்டில் உழைத்தவன் ஒரே நாளில் காகிதம் இல்லாத ஆளாகிவிடுவான்.

போன் எடுத்தேன். ஓஃப். நாலு தரம். ஓஃப்.

சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் பழம் பறித்துக்கொண்டிருந்தவன். தை மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டு, மலைப்பக்கம் ஒரு செம்மறிக்காரரிடம் போய்விட்டான். இருப்பது கைவிட்ட ஒரு ஸ்டேசனில். "ரயில் வராத ஸ்டேசன் அக்கா, நல்ல இடம்." பிறகு போனில் அவ்வளவுதான் சொன்னது. எந்த ஸ்டேசன்? அதைச் சொல்லத் தெரியவில்லை.

மகள் ஷரன் போனில் தேடினாள். "அம்மா, அந்த லைனிலை த்ரே ஸ்தாத்சியோனி. மூண்டும் மூடினது."

மூன்று!

மார்ச் 6, வியாழன்

அரைநாள் லீவு. அதற்கும் நான் துப்புரவு செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு முகம் கோணல். சமையலறை ஜன்னல் துடைக்கவில்லையாம். துடைத்துவிட்டுத்தான் வந்தேன்.

பஸ் ஒன்றரை மணி நேரம். ஸ்டேசன் எங்கே என்று டிரைவரைக் கேட்டேன். ரயில் நின்று எத்தனையோ வருஷம், இப்போதா வருகிறாய் என்று சிரித்தான். பக்கத்து இருக்கைக் கிழவியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

முதல் ஸ்டேசன்: கதவுகளைக் கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கூரை விழுந்து, ஜன்னலால் ஒரு அத்திமரம் வெளியே வந்திருக்கிறது. "யூட்!" என்று கத்தினேன். புறாக்கள் பறந்தன.

தண்டவாளம் கழற்றிய பாதையில் நாற்பது நிமிஷம் நடை. சல்லிக்கல், முட்பற்றை. இரண்டாவது ஸ்டேசன் அச்சு அசலாக முதலாவது. அதே மங்கின சிவப்பு, அதே மூன்று கதவு. சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறேனோ என்று ஒரு கணம் பயம். உள்ளே கிழிந்த மெத்தை, உடைந்த போத்தல். ஆள் இல்லை.

மூன்றாவதுக்கு ஒரு சுரங்கத்துக்குள்ளால் போக வேண்டும். உள்ளே முழங்காலளவு தண்ணீர். பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. திரும்பினேன். வலது சப்பாத்தின் அடி கழன்றுவிட்டது.

பஸ் தரிப்பில் கோபத்தில் அழுகை வந்தது. வழி கேட்க ஒரு மனிதர் இல்லாத இடத்தில் போய் இருக்கிறானே!

மார்ச் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பங்குக் கோயிலில் கேட்பார்கள். கேட்கட்டும்.

சுரங்கத்துக்கு மற்றப் பக்கத்து ஊர்வரை பஸ், பிறகு மூன்றாவது ஸ்டேசனுக்கு நடை. இருந்தான். பிளாட்பாரத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்து, ஒரு ஆட்டின் காலில் முள் எடுத்துக்கொண்டு. தாடி. காத்திருப்பு அறை நிறையச் செம்மறிகள். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் காஸ் அடுப்பு, உப்புப் போத்தல், மாதா படம்.

"ஏன் அக்கா இவ்வளவு தூரம்?"

"உன்ரை போனுக்கு என்ன வந்தது?"

"இஞ்சை கரண்ட் இல்லை. செம்மறிக்காரர் வந்தால் அவரின்ரை பிக்கப்பிலைதான் சார்ஜ் போடுறனான்."

"நாளைக்குப் பத்தரைக்கு விரல் வைக்கோணும். இப்பவே வெளிக்கிடு."

"இப்ப ஏலாது. மூண்டு ஆடு குட்டி போட நிக்குது."

"ஆட்டுக்கு பெர்மெசோ தேவையில்லை. உனக்குத்தான் வேணும்!"

சிரித்தான். எனக்கு இன்னும் எரிச்சல்.

பாணும் சீஸும் தந்தான். சாப்பிடும்போது சொன்னான்: "முந்தி பிரான்காச்சோவிலை ஆறு பேர் ஒரு அறையிலை இருந்தம் அக்கா. ஆரோ ஒருத்தன்ரை போன் எப்பவும் அடிக்கும். இஞ்சை வந்துதான் நான் நித்திரை கொள்ளுறன்."

"எனக்கு ஒருக்கால் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் விட்டிருப்பியளோ?"

விட்டிருக்க மாட்டேன். கடிதத்தை அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன். அவன் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

சிஞ்ஞோராவிடம் பல்வலி என்று பொய்.

வரமாட்டான் என்றே பெர்மெசோ அலுவலகத்துக்குப் போனேன். அவனுக்குப் பேசவேண்டியதை எல்லாம் பஸ்ஸிலேயே மனதுக்குள் பேசி முடித்திருந்தேன். வாசலில் நிற்கிறான். முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு. செம்மறிக்காரர் பிக்கப்பில் கூட்டிவந்து, தெருவை மறித்து நிறுத்திவிட்டுப் பின்னால் ஹார்ன் அடிப்பவர்களோடு சண்டை. பேச வைத்திருந்தது அத்தனையும் வீண்.

பத்து நாற்பதுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். ரேகை எடுக்கும் இயந்திரத்தின் கண்ணாடியில் விரல் வைத்தான். எரிந்த விளக்கு சிவப்பு. மற்ற விரல். சிவப்பு. பத்து விரலும் சிவப்பு.

அந்த அதிகாரிப் பெண் நல்லவள். தானே அவன் விரல்களைத் துடைத்து, கிறீம் பூசி, அழுத்திப் பிடித்தாள். ரேகை விழவில்லை. என்ன வேலை என்று கேட்டாள். முதலில் வீடு துப்புரவு, பிறகு தோட்டம், இப்போது ஆடு என்றான். தலையாட்டினாள். இப்படி நிறையப் பேர் வருகிறார்களாம். பிளீச், முள், கயிறு எல்லாம் ரேகையைத் தேய்த்துவிடுமாம். இரண்டு கிழமை கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்ப வரட்டாம். அதுவரை விண்ணப்பம் மூடப்படாது.

கத்த வேண்டும்போல் இருந்தது. ஆரோடு?

"அப்ப நான் ஆளில்லையோ அக்கா?" என்று வெளியே வந்து கேட்டான். பகிடியாகத்தான். ஆனால் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

இரண்டு கிழமையும் எங்களோடு இருக்கச் சொன்னேன். ஓம் என்றான்.

மார்ச் 11, செவ்வாய்

ஆறு மணிக்கு எழும்பினேன். ஆள் இல்லை. போர்வை மடித்திருக்கிறது. தேத்தண்ணிக் கோப்பையையும் கழுவி வைத்திருக்கிறான். கையை நனைக்காதே என்று அவ்வளவு சொல்லியும்!

பத்து மணிக்குச் செம்மறிக்காரரின் போனிலிருந்து யூட்: "அக்கா, ரெண்டு குட்டி போட்டுட்டுது."

"கையுறை போட்டனியோ?"

"ஓம், ஓம்."

பொய். அவன் குரலிலேயே தெரிந்தது.

வாங்கியது: கைக் கிறீம் 2, றப்பர் கையுறை 3 சோடி. வியாழன் கொண்டுபோக வேண்டும். சப்பாத்து ஒட்டக் கொடுக்க வேண்டும்.

மத்தியானம் சிஞ்ஞோரா தூங்கினதும் என் போனைத் திறக்கப் பார்த்தேன். விரலை வைத்தேன். திறக்கவில்லை. சீலையில் துடைத்துவிட்டு வைத்தேன். கொஞ்ச நாளாகவே இப்படித்தான், போன் பழுது என்று நினைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பெருவிரலைப் பிடித்துப் பார்த்தேன். மழமழவென்றிருக்கிறது. என் பெர்மெசோ ஒக்டோபரில் முடிகிறது.