முப்பது நாள் அளவு

மார்ச் 3
சமூகக்கூட நீச்சல்குளத்தில் அறுபது தாண்டியவர்களுக்கு வகுப்பாம். என் மனைவி எங்கள் இருவருக்கும் விண்ணப்பங்கள் வாங்கி வந்துவிட்டாள். கூடவே ஒரு நீலத் தொப்பி. அதை மாட்டிக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள். அவளுக்குக் கால் தசை இளைக்கிறது, தண்ணீரில் நடந்தால் நல்லது என்று மருத்துவர் சொன்னது உண்மைதான். ஆனால் எழுபத்தொரு வயதில் ஈரத்தரை, வழுக்கல்... வீட்டார் கையெழுத்து வேண்டும் என்று போட்டிருக்கிறது. முப்பது நாள் இரத்த அழுத்தம் குறித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன்.
“தண்ணியில நடக்கத்தானே போறேன்? கப்பலா ஓட்டப் போறேன்?”

மார்ச் 21
நாள் 18. 128/80. சீராக இருக்கிறது. சீராக இருப்பதும் பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 25
நேற்று அவள் தங்கை வந்திருந்தாள். பேச்சு சுவாரசியத்தில் அளவெடுக்க விட்டுப்போயிற்று. முப்பத்தாறு வருடம் வானிலை நிலையத்தில் மழையளவு குறித்தவன் நான். நடுவில் ஒரு நாள் விடுபட்டால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. முதலிலிருந்து தொடங்கினேன்.
“மறுபடியும் ஒண்ணா? அதுக்குள்ள எனக்கு எம்பது ஆயிடும்ங்க.”
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தொப்பியை அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 4
விழுந்துவிட்டாள். குளத்தில் இல்லை. சொட்டு ஈரமில்லாத கூடத்தில், நாற்காலியிலிருந்து எழும்போது. இடுப்பெலும்பு.

ஏப்ரல் 9
அறுவைச் சிகிச்சை முடிந்தது. “கால்ல வலுவே இல்லையேம்மா. அந்த வகுப்புக்குப் போகலையா?” என்று மருத்துவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவளே, “சோம்பேறித்தனம்தான் டாக்டர்” என்றாள்.
வாய் திறந்தேனா? இல்லை. பொய் எழுதாதே. கட்டில் காலைப் பாத்துக்கிட்டு நின்னே. அவ உனக்காகப் பழி ஏத்துக்கிட்டா.

மே 30
வாக்கரைப் பிடித்து நான்கு அடி. பிறகு கட்டில். இனி வீட்டு மாடிப்படி இறங்கி வெளியே போவது கடினம் என்று பயிற்சி தரும் பெண் என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள். இவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.
“நீங்க போங்க. என் தொப்பியப் போட்டுக்கோங்க. அதாச்சும் நனையட்டும்.”
என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூன் 12
இறங்கினேன். தண்ணீர் மார்பளவு. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை.
“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். பிழியாமல் கொண்டுவந்த தொப்பியை அவள் கையில் வைத்தேன். கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.
“ஜில்லுன்னு இருக்குங்க.”
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தலையணை நனைந்தது. தொப்பி ஈரம்தான் என்றாள்.