பலகையின் பின்பக்கம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வாய்க்குத்தான் ஓய்வில்லை. நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சுகம்தானே.

போனில் சொன்னாயே, உனக்கு எதுக்கும்மா வம்பு, மேனேஜர் சொல்ற மாதிரியே சொல்லிட்டுப் போ என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம், போனில் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். நான் துணி துவைக்கும் இந்த விடுதியின் ஏரியில் முதலை இருப்பது வேலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சமையல்காரர் தினமும் மீன் கழிவைக் கரையில்தான் கொட்டுவார், முதலையும் நேரம் தவறாமல் வந்துவிடும், எங்களைவிட ஒழுங்கு. கரையில் எச்சரிக்கைப் பலகை ஒன்று இருந்தது. போட்டோவில் அசிங்கமாக விழுகிறது என்று போன வருஷம் மேனேஜர் கழற்றிப் போட்டார். நல்ல பலகையாச்சே என்று நான்தான் எடுத்துவந்து சலவை அறையில் குப்புறப் போட்டு, மேலே சோப்பு வாளிகளை வைத்தேன். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்கவில்லை. அது என் தப்பு.

போன ஞாயிறு விருந்தாளி ஒருவர் தன் மகளோடு தண்ணீரில் இறங்கினார். முதலை பாய்ந்ததும் குழந்தையைக் கரைக்குத் தூக்கி எறிந்துவிட்டார், அவருடைய கெண்டைக்கால் சதைதான் போயிற்று. குழந்தைக்கு நம் குட்டி வயசு. ரத்தம் காய்வதற்குள் மேனேஜர் சலவை அறைக்கு ஓடிவந்து பலகையை எடுத்துப்போய்ப் பழைய கம்பத்தில் அடித்தார். இது எப்பவும் இங்கதான் இருந்துச்சு, அவர்தான் படிக்காம இறங்கிட்டார்னு விசாரிக்க வர்ற அதிகாரிகிட்ட சொல்லுங்கக்கா, இல்லேன்னா இங்க தங்கியிருக்கிற ரூமைக் காலி பண்ணுங்க என்றார். ஒன்பது வருஷமாக ஏய் சலவை என்று கூப்பிட்டவருக்கு அன்றைக்குத்தான் நான் அக்கா ஆனேன்.

அதிகாரி வந்தார். பலகைக்குப் பின்னாடி போய்ப் பாருங்க சார், என் வாளித் தடம் மூணு இருக்கும் என்றேன். இருந்தது. வாளியைக் கொண்டுவரச் சொல்லி வைத்துப் பார்த்தார், அச்சாகப் பொருந்தியது. மீன் கழிவையும் சொன்னேன், வாளி வைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். காலி பண்ணு என்று மேனேஜர் கத்தினார், எழுதிக் குடுங்க என்றேன். இன்னும் கொடுக்கவில்லை, நானும் பெட்டி கட்டவில்லை. சமையல்காரர் என்னோடு பேசுவதில்லை, ஆனால் மீன் கழிவு இப்போது குழிக்குப் போகிறது, எனக்கு அது போதும்.

நீங்கள் மூவரும் கைகால் சுகத்தோடு நீடூழி இருக்க வேண்டும். லீவுக்கு ஏதோ ஏரிக்கரை விடுதிக்குக் குட்டியைக் கூட்டிப் போகிறோம் என்றாயே, போய் வா. தண்ணீரில் இறங்கலாமா என்று வரவேற்பில் சிரிக்கிறவளிடம் கேட்காதே. பின்பக்கம் போய்த் துணி துவைக்கிறவளிடம் கேள். அவள் பதில் சொல்லாமல் தலை குனிந்தால், குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு.

இப்படிக்கு,
தலை குனியாத உன் அம்மா