பூட்டிய வீடும் பென்சன் கதிரையும்

786

கோட்டை முகாம்,
திருகோணமலை.
3.10.1971

அன்பு மகள் ஜெஸீமாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் மஹ்ரூபும் உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அல்லாஹ்வின் காவலில் குறைவில்லாமல் இருக்க துஆச் செய்துகொண்டே இதைத் தொடங்குகிறேன். என் சுகத்தைக் கேட்டால் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நல்லபடி. உம்மாவின் சுகத்தை ஒரு வரியில் எழுத ஏலாது, அதனால்தான் இந்தத் தடவை தபாலட்டையை விட்டுவிட்டு இத்தனை தாள் எடுத்திருக்கிறேன். இருந்து வாசி, குசினியில் நின்றுகொண்டு அடுப்பையும் பார்த்து இதையும் பார்க்காதே, ஏழு மாதக்காரி.

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பிள்ளைப்பேற்றுக்கு உம்மா பண்டாரவளைக்கு வரவேண்டும், குவாட்டர்ஸில் இடம் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் கிட்ட என்று எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமை லீவில் கிண்ணியாவுக்குப் போய் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்ததைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். பிறகு எழும்பிப் போய், பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற சரக்கெல்லாம் எடுத்துத் துண்டில் முடியத் தொடங்கிவிட்டாள். மிளகை இடித்த தூசிக்கு இருமல் பிடித்தது. அந்த இருமல் இழுப்பாக மாறி அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் அடங்கவில்லை. துண்டு பாதி முடிந்தபடியே பானைக்கு மேலே கிடக்கிறது. உங்கள் ஊர்க் குளிருக்குள் அவளைக் கொண்டுவந்து விட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கிறது யார், அவளைப் பார்க்கிறது யார்? ஆகவே உம்மா அங்கே வரமாட்டாள் மகள், மனமில்லாமல் அல்ல. அதற்குப் பதிலாக நான் என்ன யோசித்திருக்கிறேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், அதற்குமுன் நீ தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

மாமாதான் பென்சனில் வந்துவிட்டாரே, வீட்டில் நின்று பார்த்துக்கொள்ளலாமே என்று மருமகன் போன மாதம் எழுதியிருந்தார். அவருக்கும் உனக்கும் என் பென்சன் கதை அரைகுறையாகத்தான் தெரியும். என் தவணை ஏப்ரல் முதல் கிழமையோடு முடிந்தது. சனிக்கிழமை முகாமில் தேத்தண்ணி விருந்து வைத்தார்கள். எங்கள் பெரிய அதிகாரி என் கையைக் குலுக்கி, இருபத்தொரு வருடம் பட்டாள லொறி ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காத டிரைவர் என்று சொன்னார். கந்தளாயில் ஓர் ஆடு அடிபட்டது, ஆனால் அதைச் சொல்லித் திருத்துகிற நேரமா அது, நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். உடுப்பு, சப்பாத்து, தொப்பி எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். பொடியன்கள் எல்லாரும் சேர்ந்து, முகாமில் தச்சுவேலை பார்க்கிற சின்னராசாவைக் கொண்டு முதிரை மரத்தில் ஒரு சாய்மனைக் கதிரை செய்வித்துத் தந்தார்கள், இனி இதில் சாய்ந்துகொண்டு கடலைப் பாருங்கோ அண்ணை என்றார் சின்னராசா. அந்தக் கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் துறையில் பாதைப் படகு ஏறினேன். அக்கரையில் இறங்க முன்னமே பென்சன்காரர் வாறார் என்று ஊருக்குச் செய்தி போய்விட்டது. உம்மா மறுநாள் மௌலூது ஓதுவித்துச் சோறு கொடுத்தாள். அடுத்த நாளோ மற்ற நாளோ றேடியோவில் ஊரடங்குச் சட்டம் என்றார்கள், தெற்கில் கிளர்ச்சிக்காரர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்குகிறார்கள் என்றார்கள், அதற்குப் பின்னால் ஒரு பொலிஸ்காரர் சைக்கிளில் வந்து என்னை உடனே முகாமுக்குத் திரும்பட்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நாடு இருக்கிற நிலையில் ஒருவரையும் வெளியே விடுவதில்லை என்று உத்தரவு. ஒப்படைத்த என் உடுப்பு அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது, எனக்குத் தந்த காற்சட்டைக்குள் இன்னும் ஓர் ஆள் தாராளமாக இறங்கலாம். ஊர்ச் சனம் தின்ற சோற்றுக்கு வெட்கப்பட்டோ என்னவோ இன்றைக்கும் என்னைப் பென்சன்காரர் என்றுதான் கூப்பிடுகிறது. கலவரம் அடங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. கேட்கப் போனால் அடுத்த மாதம் என்கிறார்கள். அடுத்த மாதம் வந்தால் அதற்கும் ஓர் அடுத்த மாதம் இருக்கிறது.

இப்போது உன் வீட்டு விஷயம். கலியாணத்தன்று வீட்டையும் அதன் பூட்டுத் திறப்பையும் உன் கையில் தந்துவிட்டு நாங்கள் பின்வளவுக் குடிலுக்குப் போனோம். பெண்பிள்ளைக்குக் கொடுத்த வீட்டில் பெற்றவர்கள் குடியிருப்பதில்லை, நம் குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மருமகனுக்குத் தபால் கந்தோரில் மாற்றம் வந்து நீங்கள் மலைநாட்டுக்குப் போவீர்கள், ஓட்டுக் கூரை போட்ட கல்வீடு பூட்டிக் கிடக்கும், நாங்கள் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு கிடுகுக் கூரைக்குள் புகை குடிப்போம் என்று அன்றைக்கு யார் கண்டது. உம்மா ஒவ்வொரு நாளும் காலையில் உன் விறாந்தையைக் கூட்டித் துடைக்கிறாள். துடைத்த விறாந்தையில் ஒரு கணம் குந்த மாட்டாள். மழை பிடித்தால் பக்கத்திலிருக்கிற விறாந்தையில் ஏறாமல் நனைந்துகொண்டு குடிலுக்கு ஓடுகிறாள், பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மருமகன் இரண்டு தடவை, மாமி நீங்கள் உள்ளே போய் இருங்கள் என்று எழுதினார், திறப்பையும் பதிவுத் தபாலில் அனுப்பினார். அது போன வேகத்தில் உங்களிடம் திரும்பி வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அவள் திருப்பி அனுப்பச் சொன்னாள், நானே திருகோணமலைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோய் அனுப்பினேன், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே பழகிவிட்ட ஆள் அல்லவா. மருமகன் தங்கமான பிள்ளை, அதனால்தான் நாம கவனமா இருக்கணும் என்கிறாள். உன் பெரியம்மா ஸல்ஹா, தன் மகள் ஊரில் இல்லாத நேரம் அந்த மகளின் வீட்டில் போய் இருந்து, பிறகு அவருடைய மருமகன் முகம் கொடுத்துப் பேசாமல் விட்ட கதை உம்மாவின் நெஞ்சில் அப்படியே இருக்கிறது. குடுத்துப்போட்டுத் திரும்ப வாங்கினவங்க என்ற பேர் நமக்கு வேணாம் என்று ஒரே பிடி.

ஓகஸ்ட் மாதம் நடந்ததை உனக்கு எழுதாமல் விட்டேன், இந்த நிலையில் நீ பயப்படுவாய் என்றுதான். கச்சான் காற்று பலமாக அடித்த ஒரு பகல், உம்மாவுக்குக் கடும் இழுப்பு, உடனே வரவும் என்று துறையடிக் கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அதிகாரி ஒரு கேள்வி கேட்காமல் லீவு தந்தார், துறைக்குப் போய்ச் சேர்ந்தேன். காற்றுக்குப் பயந்து பாதையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அக்கரையில் நிற்கிற ஆளின் சாரத்து நிறம் கூடத் தெரிகிற தூரம்தான், உனக்குத் தெரியும். பட்டாள உடுப்பைக் கண்டு சனம் விலகி எனக்கு வழி விட்டது, எங்கே போக விட்டார்களோ தெரியாது, முன்னால் தண்ணீர்தானே. எத்தனை பேருடைய சாமானை எத்தனை ஊருக்கு ஏற்றி இறக்கியிருக்கிறேன், என் வீட்டுக்குப் போக எனக்கு வழியில்லை. அந்தக் கரையில் நின்று அழுதேன் மகள். வாப்பா அழுது நீ பார்த்ததில்லை, அன்றைக்குத் துறையடி முழுக்கப் பார்த்தது. கடைசியில் ஒரு மீன்பிடிகாரர் இரங்கித் தன் தோணியைத் தள்ளினார், நனைந்து நாறிப்போய் வீட்டுக்கு வந்தேன். அப்போதிக்கரி வந்து ஊசி போட்டு அவளுக்கு மூச்சு திரும்பியிருந்தது. என் பென்சன் கதிரையில் சாய்ந்திருந்தாள், என்னைக் கண்டதும் இந்தக் கோலத்திலயா துறையைக் கடந்து வந்தீங்க என்றுதான் முதலில் கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்குப் படுத்துத் தூங்க ஏலாது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, அந்தக் கதிரையில் இருந்தபடிதான் தூங்குகிறாள். நான் அதில் இன்னும் ஒரு நாள்கூடச் சாய்ந்ததில்லை. அப்போதிக்கரி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், புகையும் ஈரமும் இவங்களுக்கு நஞ்சு, இன்னொரு மாரி இந்தக் குடிலுக்குள்ள கழிஞ்சா என்னால பொறுப்புச் சொல்ல ஏலாது என்றார். மாரி பிறக்க இனி எவ்வளவு நாள் இருக்கிறது என்று நான் எழுத வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். என் இடது முழங்கால் வீங்கி, கிளச்சை மிதிக்க நான் படுகிற பாடு முகாம் டொக்டருக்கு முன்னமே தெரியும். உன்னை மருத்துவச் சபைக்கு அனுப்புகிறேன், அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இரண்டு தடவை சொன்னார். நான்தான் மறுத்தேன். இத்தனை வருடம் ஓட்டிவிட்டு, சேவைக்குத் தகுதியில்லாதவன் என்று எழுதிய கடதாசியோடு வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. உம்மாவை அந்தக் கதிரையில் பார்த்துவிட்டு வந்த பிறகு நானே டொக்டரிடம் போய், எழுதுங்கள் ஐயா என்றேன். எழுதிவிட்டார். எழுதும்போது பார்த்துக்கொண்டு நின்றேன், கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மருத்துவச் சபை கொழும்பில் கூட வேண்டும், அது எப்போது கூடும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தாமதத்திலிருந்து இறங்கி இன்னொரு தாமதத்தில் ஏறியிருக்கிறேன், அவ்வளவுதான். இதை உம்மாவிடம் சொன்னால் அவளும் இறங்கி வருவாள் என்று நினைத்தேன். நான் என் பிடிவாதத்தை விட்டுவிட்டேன், இனி நீயும் உன்னுடையதை விட்டு அந்த வீட்டுக்குள் போ என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, உடுப்பு உங்கட, உங்களுக்கு விருப்பம் எண்டாக் கழட்டலாம், வீடு நாம குடுத்த வீடு, அது நம்மடயா என்றாள்.

ஆகவே மகள், நீதான் வரவேண்டும். தலைப்பிள்ளையைப் பெற நீ உன் வீட்டுக்கு வருகிறாய் என்றால், பிள்ளை பெற்ற மகளோடு தாய் நாற்பது நாளும் உள்ளே இருப்பதற்கு ஊரும் ஒன்றும் சொல்லாது, அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். நீ வந்து இறங்கிய நாளிலிருந்து பிள்ளைக்கு நாற்பது கழியும் வரைக்கும் கணக்குப் பார்த்தால் மாரி முழுக்க அவள் ஓட்டுக் கூரைக்குக் கீழே இருப்பாள். உனக்கும் அவள் கைப்பத்தியம் கிடைக்கும். அவளுக்கு நீ எழுதும்போது அவளுடைய சுகத்துக்காக வருகிறேன் என்று ஒரு சொல்லும் எழுதிவிடாதே, அப்படி எழுதினால் எனக்கு ஒண்டுமில்ல, நீ அங்கேயே இரு என்று பதில் வரும். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெற எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுது. பொய்யும் இல்லையே. மருத்துவிச்சியிடம் பேசிவிட்டேன், அவசரம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு காரும் சொல்லி வைத்திருக்கிறேன். எட்டாம் மாதம் பிறந்தால் பயணம் கூடாது, நோன்பும் இன்னும் இரண்டு மூன்று கிழமையில் வந்துவிடும், அதற்குமுன் வா. தனியே வராதே, மருமகன் லீவு எடுத்துக் கொண்டுவந்து விடட்டும். பொல்காவலையில் ரெயில் மாறும்போது அவசரப்பட்டு ஓடாதே, ரெயில் போனால் இன்னொன்று வரும். சீனன்குடா ஸ்டேஷனில் இறங்குங்கள், முகாமுக்குச் சாமான் ஏற்ற எப்படியும் நான் அங்கே நிற்பேன், என் லொறியில் உன்னை ஏற்ற மாட்டேன், பயப்படாதே. மருமகனுக்குச் சில மாதம் கடைச் சாப்பாடுதான், அதற்கு மாமா மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன் வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க நினைக்கிறேன், வெளிப்பக்கம் மட்டும்தான், உள்ளே போக என்னிடம் திறப்பு இல்லை.

உம்மா உனக்கும் மருமகனுக்கும் சலாம் சொல்லச் சொன்னாள், குளிருக்குக் காதை மூடிக்கொள்ளவும் சொன்னாள். பாரமான வாளி தூக்காதே. ஐந்து நேரத் தொழுகையில் எங்களையும் நினைத்துக்கொள். அல்லாஹ் உனக்கு இலேசான பேற்றையும் சாலிஹான பிள்ளையையும் தரட்டும், உன் உம்மாவுக்கு மூச்சைத் தரட்டும், நான் அவனிடம் கேட்பது இப்போது இவ்வளவுதான்.

ஒன்று மட்டும் மஹ்ரூபுக்கும் உனக்கும் சொல்லி வைக்கிறேன், உம்மா அறிய வேண்டாம். வரும்போது திறப்பைக் கைக்குட்டையில் முடிந்து பத்திரமாகக் கொண்டு வா. நாற்பது கழிந்து நீ பிள்ளையோடு திரும்பிப் போகும்போது அதை உள்வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, மறந்துவிட்டவள் போலப் போய்விடு. இரண்டு நாளில் உம்மா அதைக் கண்டு, தபாலில் போட்டுட்டு வாங்க என்று என்னிடம் நீட்டுவாள். அந்த நேரம் அவள் கட்டிலில் படுத்துத் தூங்குகிற அளவுக்குத் தேறியிருப்பாள், என் கதிரை எனக்குக் கிடைத்திருக்கும். நான் அதில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, காற்றுக்குப் பாதையைக் கட்டிப் போட்டிருக்கிறார்களாம் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன்னைக் காணக் காத்திருக்கும் வாப்பா
கோப்ரல் ஸஹாப்தீன்
(ஊரில் பென்சன்காரர்)