ஓடெல் வீட்டிலிருந்து வந்த கண்ணாடித் தட்டு

டுவைட்,

உங்க தங்கச்சி ஓடெல் அடக்கத்துக்கு வர்ற நாப்பது பேருக்குக் காலைச் சாப்பாடு போடணும், மத்ததை எடுத்துட்டு நான் முன்னாடியே சர்ச்சுக்குப் போறேன். ரொட்டி, முட்டை, சாசேஜ், சீஸ் போட்டு ராத்திரியே ஊறவச்ச கேசரோல் கண்ணாடித் தட்டோட ஃப்ரிட்ஜ்ல இருக்கு. ஓவன்ல ஒரு மணி நேரம் வைங்க. நடுவுல கத்தி விட்டா ஒட்டக்கூடாது.

"தங்கச்சின்னு ஒருத்தி எனக்கு எப்பவோ செத்துட்டா, இப்ப நான் எதுக்கு வரணும்"னு நேத்து கத்துனீங்க.

ஆனா அந்தத் தட்டைப் பாருங்க. பதினோரு வருஷமா ஓடெல் திருப்பித் தராத அதே தட்டு. நேத்து காலைல பின்வாசப்படில இருந்துச்சு, கழுவின ஈரம்கூடக் காயல. அவ வீட்டுச் சாவி, அவ செத்த வியாழக்கிழமைலேருந்து நம்ம ஆணியிலதான் தொங்குது.

லொரீன்

பி.கு: தட்டுக்கு அடியில நான் ஒட்டின டேப்புல என் பேருதான் எழுதியிருந்தேன். இப்பத் தூக்கிப் பாத்தேன், உங்க பேரு இருக்கு. ஓடெல் கையெழுத்து. நீங்களே சர்ச்சுக்கு எடுத்துட்டு வந்துருங்க.